சமுதாயக் கூடம் கட்டலாம், சாவி யாரிடம் இருக்கும்?

பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் புதிய சமுதாயக் கூடம் என்ற பொருள் வந்தால் பேச்சு எப்படிப் போகும் என்பது உள்ளாட்சி நடப்பைக் கவனிக்கிற எவருக்கும் தெரிந்ததுதான். "பக்கத்து ஊர்ல கட்டியாச்சு, நமக்கு எப்போ?" என்று ஒரு உறுப்பினர் கேட்பார். "பஸ் ஸ்டாண்டு ரோடே குண்டும் குழியுமாக் கிடக்கு, இப்ப மண்டபம்தான் குறைச்சலா?" என்று இன்னொருவர் எழுவார். மூன்றாமவர் எந்த வார்டில், எந்தத் தெருவில் என்று இடப் பிரச்சினைக்குப் போய்விடுவார். கடைசியில் எம்.எல்.ஏ. நிதி கிடைக்குமா என்பதில் வந்து நிற்கும். கிடைத்தால் கட்டுவார்கள், கிடைக்காவிட்டால் பொருள் ஒத்திவைக்கப்படும். திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்று விவாதிக்க நேரம் இருக்கும். விழா முடிந்த மறுநாள் காலையில் அந்தக் கதவை யார் திறப்பார்கள் என்று மட்டும் எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

இந்த விஷயத்தில் என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபதாயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூருக்குப் பொதுவான கூடம் ஒன்று கட்டாயம் வேண்டும். அதே அளவு உறுதியோடு இன்னொன்றும் சொல்வேன்: ஆண்டுதோறும் அதை நடத்தப் பணம் எங்கிருந்து வரும், பொறுப்பு யாருடையது என்று தீர்மானம் போடாத ஊர் அடிக்கல் நாட்டவே கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பதைக் காட்டத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். 2022 உள்ளாட்சித் தேர்தல் கணக்குப்படி தமிழ்நாட்டில் பேரூராட்சிகள் 490. இவற்றில் பலவற்றில் இந்த விவாதம் ஏதோ ஒரு வடிவில் நடந்திருக்கும், அல்லது நடக்கப் போகிறது.

ஏன் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு சிற்றூரில் ஐம்பது பேர் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்து பேச என்னென்ன இடங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கோயில் மண்டபம், சர்ச் ஹால், ஜமாஅத் இடம், ஏதாவது ஒரு சமுதாயத்துக்குச் சொந்தமான கல்யாண மண்டபம், தனியார் மண்டபம், பள்ளிக்கூடம். இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உடைமைக்காரர் உண்டு, ஒவ்வொன்றிலும் நுழைவதற்கு முன் "நாம் உள்ளே போகலாமா?" என்று யோசிக்கிற ஒரு கூட்டமும் உண்டு. யாருக்கும் விளக்கம் சொல்லாமல், யாருடைய தயவும் இல்லாமல் ஊரில் எவரும் நுழையக்கூடிய நான்கு சுவர் ஒன்று இல்லை. சாதி இன்னும் தெருக்களைப் பிரித்து வைத்திருக்கிற ஊர்களில் இது சின்னக் குறை அல்ல. கையில் பணம் இருந்தும் மண்டபம் கிடைக்காமல் தெருவில் சாமியானா போட்டுக் காதுகுத்து நடத்துகிற குடும்பங்கள் இருக்கின்றன.

இதை அரசே ஒரு காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகள், 40 ஆதிதிராவிடர்களுக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தலா 25, மற்றவர்களுக்கு 10. அந்தத் திட்டத்தில் வீடுகளோடு சமுதாயக் கூடமும் சேர்ந்தே வந்தது. வீட்டை அடுத்தடுத்துக் கட்டினால் மட்டும் போதாது, ஒரே கூரையின் கீழ் பந்தி நடக்கும் இடமும் வேண்டும் என்ற புரிதல் அதில் இருந்தது. ஆனால் பல ஊர்களில் நடைமுறை இதற்கு நேர்மாறாகப் போனது. காலனிக்கு ஒரு கூடம், ஊருக்கு ஒரு கூடம் என்று தனித்தனியாகக் கட்டினார்கள். அரசுப் பணத்திலேயே பிரிவினைக்குச் சுவர் எழுப்பிய காரியம் அது. ஆகவே எந்த இடத்தில் கட்டுவது என்பதை வார்டு உறுப்பினர்களின் பலத்துக்கு விட்டுவிட முடியாது. பேருந்து நிலையம், வாரச்சந்தை, அரசு மருத்துவமனை மாதிரி எல்லாத் தெருக்காரர்களும் ஏற்கெனவே வந்துபோகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் கூடம் அமைய வேண்டும். அப்படிப்பட்ட புறம்போக்கு நிலம் இல்லையென்றால் நிலம் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது.

சமுதாயக் கூடம் என்றாலே கல்யாணம்தான் நினைவுக்கு வருகிறது. முகூர்த்த நாள்கள் ஆண்டில் எத்தனை? மீதி நாளெல்லாம் அந்தக் கட்டடம் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. பதிலுக்குப் பஞ்சமில்லை. தேசிய மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021இல் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, 2031இல் இது 18.2 ஆகும். கேரளத்துக்கு அடுத்தபடி மூப்படைந்துவரும் மாநிலம் நம்முடையது. பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட சிற்றூர்களில் இந்த விகிதம் கண்ணுக்கே தெரியும். காலையில் பேப்பர் படிக்க, நாலு பேரோடு பேச, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு டீக்கடை பெஞ்சைத் தவிர இடம் இல்லை; பெண்களுக்கு அதுவும் இல்லை. மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பல குழுக்கள் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ அங்கன்வாடி வாசலிலோதான் கூடுகின்றன. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் அறிவுசார் மையங்கள் வந்துவிட்டன. பல பேரூராட்சிகளில் இருக்கும் பிள்ளை பஸ் ஏறித்தான் அங்கே போக வேண்டும். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழு, பகுதி சபை என்று 2022இல் விதிகள் வந்தன. மக்கள் கூடிக் கேள்வி கேட்கலாம் என்றது சட்டம். கூடுவதற்கு இடம் இல்லாத ஊரில் அந்த உரிமை தாளில்தான் இருக்கும்.

இன்னொரு காரணம் மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்தது நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டது. அதிலிருந்த சுமார் எண்ணூறு பயணிகளில் ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளியில் தங்கினார்கள், மற்றவர்கள் ரயிலிலேயே இருந்தார்கள். ஸ்ரீவைகுண்டம் ஒரு பேரூராட்சி. இப்படியொரு நாளில் மேடான இடத்தில், உயரமான அடித்தளத்தோடு, கழிப்பறையும் சமையற்கட்டும் ஜெனரேட்டரும் உள்ள கட்டடம் ஒன்று ஊரில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை. சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் கடலோர மாவட்டங்களில் 121 பல்நோக்குப் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. தாமிரபரணிக் கரை வெள்ளம் காட்டியது என்னவென்றால், ஆபத்து கடலிலிருந்து மட்டும் வருவதில்லை. உள்நாட்டுச் சிற்றூர்களுக்கு அப்படித் தனி மையம் கட்ட யாரும் பணம் தரப் போவதில்லை. அன்றாடம் புழங்கும் கூடத்தையே ஆபத்து நாளுக்கும் ஏற்றபடி கட்டிக்கொள்வதுதான் நடக்கிற காரியம். ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்த கட்டடத்தில் அவசரத்துக்குப் போனால் மோட்டார் ஓடாது, குழாயில் தண்ணீர் வராது. தினமும் பயன்படும் கட்டடம்தான் அன்றைக்கும் பயன்படும்.

இங்கேதான் என் நிபந்தனை வருகிறது. அதற்கான ஆதாரம் நம் மாநிலத்தின் நூலக வரலாற்றிலேயே இருக்கிறது. 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. எஸ்.ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சி, அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரின் ஆதரவு, இரண்டும் சேர்ந்து பிறந்த சட்டம். இந்தியா விடுதலை அடைந்தபின் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் இதுதான். அதன் உயிர்நாடி நூலக வரி. இன்று நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலகத்துக்குப் போகிறது. ஆட்சி மாறினாலும் கவுன்சிலர் மாறினாலும் அந்தப் பத்து பைசா மாறாது. அதனால்தான் சின்னஞ்சிறு பேரூராட்சிகளில்கூட ஒரு கிளை நூலகம் இன்றைக்கும் திறந்திருக்கிறது. ஓட்டுக் கட்டடமாக இருக்கலாம், புத்தகங்கள் பழசாக இருக்கலாம். ஆனால் காலையில் நூலகர் வந்து கதவைத் திறக்கிறார். வசூலித்த வரியை நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் உள்ளாட்சிகள் நிலுவை வைப்பதாகப் பழைய புகார் உண்டு. அதையும் தாங்கிக்கொண்டு அந்த அமைப்பு முக்கால் நூற்றாண்டைக் கடந்திருக்கிறது.

இப்போது இன்னொரு நூலகத்தைப் பாருங்கள். 2006 முதல் 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் நடந்தது. 12,618 ஊராட்சிகளுக்கும் தலா 20 லட்சம் ரூபாய் என்ற அளவில் ஐந்தாண்டில் முடிக்கப்பட்ட பெரிய திட்டம். அதன் கீழ் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. நோக்கம் மிக நல்லது, கட்டடங்களும் புதியவை. ஆனால் நடத்துவதற்கு நிலையான வருமானம் ஒதுக்கப்படவில்லை. சொற்ப மதிப்பூதியத்தில் ஒரு பகுதிநேரப் பொறுப்பாளர், அவ்வளவுதான். சில ஆண்டுகளில் ஏராளமான நூலகங்கள் பூட்டப்பட்டன. பிறகு அவற்றைச் சீரமைக்க அரசு மறுபடியும் பணம் ஒதுக்க வேண்டிவந்தது. ஒரே மாநிலம், ஒரே மாதிரி மக்கள், இரண்டுமே நூலகம். ஒன்று பழைய கட்டடத்தில் வாழ்கிறது, இன்னொன்று புதிய கட்டடத்தில் தூசி படிந்தது. வித்தியாசம் சிமெண்டில் இல்லை. மாதாமாதம் வரும் பணமும் சம்பளம் வாங்கும் ஒரு மனிதரும்தான் வித்தியாசம்.

நூலகச் சட்டத்துக்கு முன்பே இதை அறிந்திருந்தவர்கள் உண்டு. விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி, காமராஜர் படித்த பள்ளி, நாடார் வணிகர்களின் மகமையில் வளர்ந்தது. வியாபாரத்தில் நகரும் சரக்குக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த சிறு தொகைதான் மகமை. ஒருவருக்கும் பாரமாக இல்லாத தொகை, ஆனால் நிற்காமல் வந்த தொகை. பெரிய நன்கொடையாளர் ஒருவர் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அந்தப் பள்ளி இவ்வளவு காலம் நின்றிருக்குமா என்பது சந்தேகமே. அந்த மகமை ஒரு சமுதாயத்துக்குள் திரண்ட பணம். நான் கேட்பது, அதே முறையை ஊர் முழுமைக்கும் பொதுவாக்குவது.

நம் சமுதாயக் கூடங்கள் பெரும்பாலும் இதற்கு எதிர்த் திசையில்தான் பிறக்கின்றன. நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி, சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி. அந்தப் பணத்தில் சுவர் எழுப்பலாம், காவலாளிக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. கட்டும் பணம் ஒரே தவணையில் மேலிருந்து வருகிறது, நடத்தும் செலவு மாதாமாதம் கீழே விழுகிறது. மேலே இருப்பவருக்குக் கல்வெட்டில் பெயர் கிடைக்கிறது. கீழே இருக்கும் செயல் அலுவலருக்குக் கரண்ட் பில் வருகிறது. அவர் குத்தகைக்கு விட்டுவிடுகிறார். குத்தகைக்காரர் கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிறார். ஐந்து ஆண்டில் பாத்திரங்கள் காணாமல் போகின்றன, பத்து ஆண்டில் கதவும் ஜன்னலும் போகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊரில் ஐயாயிரம் வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறுப்பாளருக்கு மாதம் 12,000, துப்புரவுக்கு 6,000, மின்சாரம் தண்ணீருக்கு 5,000 என்றால் ஆண்டுக்கு 2,76,000 ரூபாய். வெள்ளையடிப்பு, குழாய், வயரிங், சில்லறைப் பழுதுகளுக்கு ஒரு லட்சம். மொத்தம் 3,76,000. ஆண்டில் அறுபது நாள் விசேஷங்களுக்கு நாளொன்றுக்கு 4,000 வாடகைக்கு விட்டால் 2,40,000 வரும். மீதி 1,36,000 ரூபாயை ஐயாயிரம் வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ஆண்டுக்கு 27 ரூபாய். எண்கள் ஊருக்கு ஊர் மாறும், கூடலாம் குறையலாம். ஆனால் இந்த அளவிலான தொகையை ஒரு பேரூராட்சி தன் சந்தைக் குத்தகையிலிருந்தோ கடை வாடகையிலிருந்தோ தனியாக எடுத்து வைக்க முடியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். முடியாது என்று உண்மையிலேயே ஒரு மன்றம் சொன்னால், அந்த ஊர் கட்ட வேண்டாம் என்பதே என் பதில்.

எதிர்ப்புகளுக்கு வருகிறேன். வலுவான எதிர்ப்பு, "முதலில் ரோடு, சாக்கடை, குடிநீர்" என்பது. அதில் நியாயம் இருக்கிறது. பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில் தலைவர் கூடத்துக்கு எஸ்டிமேட் போட்டால் மக்கள் கோபப்படுவது சரியே. ஆனால் பணத்தின் தலைப்பைக் கவனிக்க வேண்டும். பதினைந்தாவது நிதிக்குழு சிறிய நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டிவைக்கப்பட்டது. அதைக் கூடத்துக்குத் திருப்ப முடியாது, திருப்பவும் கூடாது. கூடத்துக்கு வருவது பெரும்பாலும் வேறு தலைப்பில் வரும் பணம். குடிநீரா கூடமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை எல்லா ஊரிலும் இல்லை. அப்படி ஒரே பணத்துக்கு இரண்டும் போட்டியிடும் ஊரில் குடிநீர்தான் முதலில். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

"பள்ளிக்கூடம் இருக்கிறதே, மாலையில் காலிதானே?" என்பது அடுத்தது. பணம் மிச்சமாகும் யோசனை என்பதால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பள்ளி பிள்ளைகளுடைய இடம். பகலில் முதியவர்களும் மகளிர் குழுக்களும் அங்கே போக முடியாது. விசேஷங்களுக்குக் கொடுத்தால் மறுநாள் காலை யார் கழுவுவது என்ற சண்டை வரும். வெள்ள நாள்களில் பள்ளி முகாமாக மாறினால், தண்ணீர் வடிந்த பிறகும் வகுப்பு நடக்காது. வெள்ளத்தில் புத்தகத்தை இழந்த பிள்ளை வகுப்பையும் இழக்கிறது.

பழைய கூடம் ஒன்று பாழடைந்து கிடக்கும்போது புதியது எதற்கு என்று கேட்பவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். கட்டடம் உறுதியாக இருந்தால் அதைச் சீரமைப்பதே முறை. ஆனால் அது ஏன் பாழடைந்தது என்று கண்டுபிடிக்காமல் சீரமைத்தால் மறுபடி பாழாகும். ஒரே வேலைக்கு என்று கட்டிய கட்டடங்கள் அந்த வேலை போனதும் செத்துப்போகின்றன. ஊராட்சிகளில் தொலைக்காட்சி அறைகள் இருந்தன. 2006க்குப் பிறகு அரசு வண்ணத் தொலைக்காட்சியை வீட்டுக்கு வீடு கொடுத்தது, அறைக்கு வேலை இல்லாமல் போயிற்று. கல்யாணத்துக்கு மட்டும் என்று கட்டிய கூடமும், பக்கத்தில் ஏ.சி. மண்டபம் ஒன்று வந்த அன்றே அதே நிலைக்குப் போகும். அதனால் வரைபடத்திலேயே ஒரு பெரிய கூடத்தோடு தனி வாசல் கொண்ட இரண்டு சிறிய அறைகள் இருக்க வேண்டும். பெரிய கூடத்தில் விசேஷம் நடக்கும் நாளிலும் ஓர் அறையில் பிள்ளைகள் படிக்கலாம், இன்னொன்றில் மகளிர் குழு கூடலாம். சாய்தளமும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் எஸ்டிமேட்டின் கடைசி வரியாக இருந்தால் வெட்டுப்படுவது அவைதான். அவற்றை முதல் வரியில் எழுத வேண்டும்.

கட்சிக்காரர்கள் கைப்பற்றிக்கொள்வார்கள் என்ற பயமும் வெறும் பயம் அல்ல. சாவி ஒரு கவுன்சிலர் வீட்டில் தொங்கினால் அது அவருடைய மண்டபம்தான். மன்றத்தையே நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு: 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் இல்லாத காலத்திலும் கதவு திறக்க வேண்டுமானால், நடத்தும் பொறுப்பை மன்றத்துக்கு வெளியே ஓர் அமைப்பிடம் எழுத்துமூலம் கொடுக்க வேண்டும். சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு இதற்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். கணக்கு எழுதும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது, தணிக்கைக்குப் பழகியவர்கள், எல்லாத் தெருவிலும் உறுப்பினர் உண்டு. தனி வங்கிக் கணக்கு, சுவரில் எழுதிய வாடகைப் பட்டியல், முன்பதிவுப் பேரேடு எவர் கேட்டாலும் காட்டப்பட வேண்டும் என்ற விதி, இவை இருந்தால் சாதி பார்த்தோ கட்சி பார்த்தோ "அன்னைக்கு இடம் இல்லை" என்று சொல்வது கடினமாகும். தனியார் மண்டபக்காரர்கள் தங்கள் தொழில் கெடும் என்பார்கள். அவர்களுடைய வாடகையைக் கொடுக்க முடிகிறவர்கள் அங்கேயேதான் போவார்கள். கடன் வாங்கி மண்டபம் பிடிக்கிற குடும்பத்துக்கு ஒரு மாற்று கிடைப்பதைத் தவறு என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

உங்கள் ஊரிலும் இப்படியொரு பொருள் மன்றத்துக்கு வரலாம். வந்தால் ஆதரியுங்கள். ஆதரிக்கும்போதே, அடிக்கல் நாட்டுவதற்கு முன் பராமரிப்புக்கான தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள்: ஆண்டுக்கு எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, பொறுப்பாளர் யார், வாடகை எவ்வளவு. வாய்வார்த்தை போதாது, தீர்மான எண்ணோடு வேண்டும். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான்.